யாவாரப் படிப்பு

1974 ஜூலை 8, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, விருத்தாசலத்தில் தனியார் பீங்கான் தொழிற்சாலை ஒன்றின் மேனேஜர் மேசைமேல், அந்தத் தொழிற்சாலையின் டாக்டர் சக்கரபாணி தட்டச்சு செய்த ஒரு பக்கத்தை வைத்தார்.

மேனேஜர் ராஜாங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

சக்கரபாணி உட்காரவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே மேசைமுன் நின்றபோது அவர் கையில் எக்ஸ்ரே படம் இருந்தது. பீங்கானில் சேர்க்கும் வெங்கச்சங்கல்லை மாவாக அரைக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவர்களின் நெஞ்சில் கல்தூசி படிகிறது, தூசியை வெளியே இழுக்க ஒரு பெரிய மின்விசிறி வேண்டும் என்று கேட்டார்.

ராஜாங்கம் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பீடி குடிக்கிறவன் நெஞ்சு இப்படித்தான் இருக்கும் என்றார்.

அது அந்தக் கொட்டகையில் கல் அரைக்கும் பாஞ்சாலையின் நெஞ்சு. அவள் வெற்றிலைகூடப் போடாதவள்.

அதைச் சொன்னதும் ராஜாங்கம் சிரித்தார். "டாக்டரே, உங்களுக்கு வைத்தியம் தெரியும். யாவாரம் தெரியாது."

அந்த வார்த்தை சுட்டது. இரண்டு வருட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய் வணிக நிர்வாகம் படித்தார். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டம் சேர்ந்தது.

அவர் இல்லாத காலத்தில் கம்பவுண்டர் எல்லா நோய்க்கும் சிவப்பு மிக்சர் ஊற்றிக் கொடுத்தார். பாஞ்சாலை அதைக் குடித்துக்கொண்டே செத்துப்போனாள். அவள் இடத்துக்கு அவள் தங்கை ஆராயி வேலைக்கு வந்தாள்.

அவர் திரும்பி வந்த முதல் நாளே ஆராயி இருமலுக்கு நடுவே கேட்டாள்: "யாவாரம் படிக்கப் போனீங்களாமே? எங்கக்கா நெஞ்சை எந்தச் சந்தையில விக்கிறதுக்கு?"

அன்று இரவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தார்.

படித்த படிப்பு சொல்லிக் கொடுத்தபடி எழுதினார். அதில் நெஞ்சு இல்லை, இருமல் இல்லை, பாஞ்சாலை இல்லை. அரைப்புக் கொட்டகைத் தூசி பக்கத்துக் கொட்டகைக்குப் பறக்கிறது, அங்கே கோப்பைகளில் பளபளப்புக்காகப் பூசிய ஈரக் கிளேஸில் விழுகிறது, சூளையில் வெந்து வரும் நூறு கோப்பைகளில் பதினாலு கோப்பைகள் புள்ளி விழுந்து கழிகின்றன. ஆகவே அரைப்புக் கொட்டகைக்கு விசிறி.

ராஜாங்கம் இரண்டு முறை படித்தார். எழுந்து வந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படிப் பேசத்தானே அன்னிக்கே சொன்னேன். படிச்சது வீண்போகலீங்க."

பாஞ்சாலைக்குக் கிடைக்காத விசிறி கோப்பைக்குக் கிடைக்கிறது. எப்படியோ வந்தால் சரி என்று சக்கரபாணி பல்லைக் கடித்துக்கொண்டார்.

ராஜாங்கம் மேஸ்திரி காத்தவராயனைக் கூப்பிட்டார்.

"அரைக்கிற கொட்டாய்க்கும் கிளேஸ் கொட்டாய்க்கும் நடுவுல ஒரு திறப்பு இருக்குதுல்ல? இன்னிக்கே செங்கல் வச்சு அடைச்சிடு."

"விசிறி?" என்றார் சக்கரபாணி.

"அது எதுக்குங்க? தூசி இந்தப் பக்கம் வரக் கூடாது. அவ்ளோதானே?"

அரைப்புக் கொட்டகைக்குக் கொஞ்சமாவது காற்று வந்தது அந்தத் திறப்பு வழியாகத்தான்.

சக்கரபாணி மேசையில் ஓங்கி அறைந்தார். "உள்ள இருக்கிறவங்க செத்துப்போவாங்கய்யா!"

ராஜாங்கம் காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுல அப்படி ஒண்ணும் எழுதலீங்களே."

மூன்று மணிக்குச் சுவர் மார்பளவு எழும்பியிருந்தது. வெள்ளை மாவு அப்பிய ஆராயியின் முகம் அந்தப் பக்கம் தெரிந்தது.

"காத்து வர்ற வழிய ஏன்ணே அடைக்கிறீங்க?"

"டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரும்மா" என்றார் காத்தவராயன்.

சக்கரபாணி அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். கொத்துக்கரண்டியைப் பிடுங்கித் தூர எறிந்தார். காத்தவராயன் நடந்து போய் அதை எடுத்துவந்து, மண்ணைத் துடைத்துவிட்டு, அடுத்த கல்லுக்குக் கலவை போட்டார்.

ஐந்தரைக்குச் சுவர் முடிந்தது.

ஆகஸ்டில் சூளையிலிருந்து இறங்கிய கோப்பைகளில் ஒரு புள்ளிகூட இல்லை.