நினைவுப் பிடித்தம்

திருச்சியில் தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் மூன்று. நான் சேர்ந்தது சம்பளத்தில் பைசா பிடிக்காத ஏஜென்சி. வேலை முடிந்த அன்றே அந்த வேலையின் நினைவை மட்டும் பிடித்துக்கொள்வார்கள், வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காக்கவாம். என் தலையில் என்ன பொக்கிஷமா இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன்.

நேற்று டீக்கடையில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழநிவேல் அண்ணே! நான் குணாளன். தினம் வீடியோ கால்ல பேசுவோமே! எங்கம்மாவை நாலு மாசம் பார்த்துக்கிட்டீங்களே!"

சிரித்துவைத்தேன். எனக்கு அவரையும் தெரியவில்லை, அம்மாவையும் தெரியவில்லை.

"மஸ்கட்லேர்ந்து நான் வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீங்களும் கிளம்பிட்டீங்க. பக்கத்துல இருந்தது நீங்க மட்டுந்தான். கடைசியா அம்மா என்னண்ணே சொன்னாங்க?"

ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை அவரும் படிக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே தேடிப் பார்த்தேன். துடைத்து வைத்த அலமாரி.

"பிளைட்ல தூங்கியிருக்க மாட்டான், வந்ததும் படுக்கச் சொல்லுன்னாங்க தம்பி."

"ஆமாண்ணே, எனக்கு பிளைட்ல தூக்கமே வராது. அம்மாவுக்குத் தெரியும்" என்று அழுதார். அழுதுகொண்டே போனார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, டீயைக் குடித்தேன். அந்த அம்மா உண்மையில் ஏதாவது சொல்லியிருந்தால், அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான்.