டாக்டர் காலில் கொட்டிய வெந்நீர்

"டாக்டர் பேரைச் சொல்லியா தீ மிதிக்கப் போறீங்க? அதுவும் தீக்காய வார்டு திறக்கிற அன்னிக்கு? உங்களுக்கு என்ன, புத்தி பேதலிச்சுப் போச்சா?"

குல்ஷன் போட்ட சத்தத்தில் மத்திகிரி ஆஸ்பத்திரித் தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. எதிரே, பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயில் பூசாரி முனிசாமி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க நர்சம்மா. ஊரு பூரா எறங்கல, நான் ஒருத்தன்தான். ஆனா எறங்கியே ஆகணும்."

"பட்டணத்துல இருந்து பெரிய பெரிய டாக்டருங்க வர்றாங்க. ரிப்பன் வெட்டின கையோட, கால் வெந்து நீங்களே வந்து முதல் கட்டில்ல படுக்கவா? நாராயணப்பன் டாக்டர் பாடுபட்டதெல்லாம் இந்த லட்சணத்துக்குத்தானான்னு சிரிக்க மாட்டாங்க?"

முனிசாமி துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

அந்த வார்டுக்காக டாக்டர் பட்ட பாடு கொஞ்சமா? தீப்பட்டு வருகிறவர்களை வாழை இலையில் கிடத்தித் தாழ்வாரத்தில் போட்டிருந்த காலம் அது. ஈ மொய்க்கும். தனியாக ஒரு கட்டடம் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்க் கல்லும் சுண்ணாம்பும் கேட்டார் மனுஷன். முனிசாமியின் ஊரில் விரட்டியே விட்டார்கள். பின்னே? வருஷா வருஷம் தீமிதித் திடலில் வந்து நின்று, "நெருப்புக்குச் சாமியும் தெரியாது, பூசாரியும் தெரியாது! காலைச் சுட்டுக்காதீங்கடா!" என்று கத்தினால் யார் கொடுப்பார்கள்?

ஆனால் என்ன மாயமோ, ஒரு வருஷம் அதே ஊரிலிருந்துதான் முதல் கல் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் வந்தன. சுவர் எழும்பியது. கூரை போடும்முன், போன தை மாதத்தில், டாக்டர் கண்ணை மூடிவிட்டார்.

குல்ஷனும் அந்தத் தாழ்வாரத்தில் கிடந்தவள்தான். தாவணியில் விளக்குத் தீ பற்றி, நினைவில்லாமல் கிடந்தாள். வீட்டில் கபர் தோண்டவே ஆள் அனுப்பிவிட்டார்கள். டாக்டர் அவளைப் பிழைக்க வைத்து, கட்டுக் கட்டவும் கற்றுக்கொடுத்து, கூடவே வேலைக்கு வைத்துக்கொண்டார்.

"கேளுங்க பூசாரியண்ணா" என்றாள். "கத்தியப் பிடிச்சா நடுங்காத கை அவருக்கு. சொந்தக் கால்ல மட்டும் போன ரெண்டு வருசமும் வெந்நீரைக் கொட்டிக்கிட்டாரு. கட்டுப் போடக்கூட யாரையும் கிட்ட விடல. தானே துணியச் சுத்திக்கிட்டு நொண்டி நொண்டி ஆஸ்பத்திரியச் சுத்தினாரு. நாங்க கேலி பண்ணிச் சிரிச்சோம். வெந்நீருக்கே அந்தப் பாடுபட்ட மனுஷன் பேர்ல நெருப்பு வளக்கறீங்களே, அடுக்குமா? மீறி எறங்கினா நான் போலீசுக்கு ஆள் அனுப்புவேன்!"

முனிசாமியின் முகம் மாறியது.

"வெந்நீர்னா சொன்னாரு?"

"ஆமா."

"ரெண்டு வருசமும் சித்திரையிலதானே?"

குல்ஷன் யோசித்துப் பார்த்தாள். சித்திரையில்தான். அம்மன் கோயில் பம்பைச் சத்தம் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்கும் சித்திரை.

"இதைப் பத்தி ஆஸ்பத்திரியில மூச்சு விடக்கூடாதுன்னு ஊரையே சத்தியம் பண்ண வெச்சிருந்தாரு நர்சம்மா. அவரே போயிட்டாரு, இனி என்ன!" முனிசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோயில் வாசப்படி மிதிக்காத மனுஷன் ஒருநாள் வெள்ளென வந்து நின்னாரு. 'எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் எல்லாம் பண்ணிட்டேன் முனிசாமி. இதுக்கு மேல வழி தெரியல. அந்தப் புள்ள மட்டும் பொழைச்சா மூணு வருசம் தீ மிதிக்கறேன்'னு எங்க அம்மன் முன்னால கும்புட்டாரு. புள்ள பொழைச்சிருச்சு. சொன்னபடி எறங்கினாரு. எங்க கால்ல ஒரு கொப்புளம் இல்ல, அவரு காலு மட்டும் வெந்துபோச்சு. அதைப் பாத்துட்டு ஊர்ல ஒருத்தனுக்கும் அன்னிக்குச் சோறு எறங்கல. மறுநாளே கல்லுக்கு வண்டி பூட்டிட்டோம். ரெண்டு வருசம் அவரு மிதிச்சாரு. மூணாவதை நான் முடிச்சு வெக்கறேன், தடுக்காதீங்க."

குல்ஷனால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"யா அல்லா! சாமியே இல்லைன்னவரு... யாருக்காக? எந்தப் புள்ளைக்காக?"

முனிசாமியின் பார்வை அவள் கழுத்துத் தழும்பில் வந்து நின்றது.

"யாரோ பாய் வீட்டுப் புள்ளையாம் நர்சம்மா. கபர் தோண்டக்கூட ஆள் அனுப்பிட்டாங்கன்னு சொல்லிட்டு அழுதாரு."