செண்பகத்தின் கிள்ளு

பக்கவாதத்தில் விழுந்த தனுஷ்கோடியின் வலது கையை, அதில் மாட்டிய மின்சார உறை எழுப்பிவிட்டது. ஆனால் எழுந்தது செண்பகத்தின் கை. உறைக்கு வீட்டில் ஒருவரின் கையசைவு இரவல் வேண்டுமாம். மனைவி செண்பகம் தன்னுடையதைப் பதிந்து கொடுத்திருந்தாள். அவள் போய் மூன்று வருஷமாகியும், அந்தக் கை அவளைப் போலவே வாழைப்பழத்தை நார் விடாமல் உரித்தது. நாலு பேர் நடுவே அவர் அளந்துவிட்டால் தொடையில் நறுக்கென்று கிள்ளியது. கல்யாணப் பந்திகளில் நாற்பது வருஷமாக வாங்கிய அதே கிள்ளு!

அதை வாங்கவே அவர் கூடுதலாக அளந்தார். "ஒத்தை விசில்ல ஒன்பது ரயிலை நிறுத்துனவன் நான்... ஆ!" கோவில்பட்டியே குலுங்கிச் சிரித்தது.

இன்று, கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் மெர்லின் உறையின் மின்சாரத்தை நிறுத்தினாள்.

"உங்க நரம்பு தேறிருச்சுய்யா. இந்த டம்ளரைத் தூக்கிட்டீங்கன்னா, அம்மாவோட பதிவை அழிச்சிரலாம்."

பதிவு போனால் கிள்ளும் போய்விடுமே என்று பயந்தார் அவர். தூக்க முடிந்த டம்ளரை வேண்டுமென்றே நழுவவிட்டார். ஆயுசில் முதல்முறையாகத் தன்னைக் குறைத்துப் பொய் சொன்னார்.

"ம்ஹூம், தாயி. விரல் நுனிகூட அசையல."

தொடையில் சுரீரென்றது.

குனிந்து பார்த்தார். உறையில் விளக்கு எரியவில்லை. கிள்ளியது அவருடைய சொந்த விரல்கள்.

"விரல் நுனிகூட அசையலையா?" மெர்லின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வலித்த இடத்தைத் தடவியபடி, கண் கலங்க அவர் சிரித்தார்.

"அழிச்சிக்கோ தாயி. இவளாவது, போறதாவது!"