சொன்ன சொல் கேட்கும் பிள்ளை

அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன. உள்ளங்கை வீங்கியிருந்தது. இது கவாசாகியாக இருக்கலாம், இதயத்தின் ரத்தக்குழாயைப் போய்ப் பிடிக்கிற நோய் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். நாக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும், உடனே மருந்து ஏற்றிவிடலாம். தாமதித்தால் ஆபத்து. அமுக்கிப் பிடித்துத் திறக்கவும் பயம். கைக்குழந்தையிலேயே நெஞ்சைப் பிளந்து இதய ஓட்டையை அடைத்த பிள்ளை.

"நீங்க சொல்லிப் பாருங்க சார்."

அவன் குனிந்தான்.

"ஜெனிட்டா, அப்பாக்கு நாக்கக் காட்டும்மா."

உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அதை இன்னும் இறுக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். முகத்தில் ஒரு பெருமை. சபாஷ் சொல்வான் என்று காத்திருந்தாள்.



டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு நாக்கு கொஞ்சம் வெளியில் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். ஊருக்கு அது பொறுக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி முந்தானையை இழுத்துக்கொள்வாள். பந்தியில் எதிரே இருப்பவன் இலையைத் தள்ளி வைப்பான். தூ, இதுகளெல்லாம் மனுஷ ஜென்மமா என்று பற்றிக்கொண்டு வரும் அவனுக்கு.

ஆனால் ஊரைத் திருத்தவில்லை அவன். பிள்ளையைத் திருத்தினான்.

சொடக்குப் போட்டால் நாக்கு உள்ளே போக வேண்டும். போனால் முறுக்கு. போகாவிட்டால் தொடையில் கிள்ளு. நாய்க்குட்டியைப் பழக்குகிற மாதிரிப் பழக்கினான். அக்கா மகன்கள் "நாக்கக் காட்டுட்டி" என்று சீண்டிச் சிரித்த அன்று இன்னொரு பாடமும் சேர்ந்துகொண்டது. யார் கேட்டாலும் காட்டக் கூடாது. அப்பாவே கேட்டாலும். கொஞ்சிக் கொஞ்சிக் கேட்பான். ஏமாந்து காட்டினால் கிள்ளுவான். மறுபடியும் கேட்பான்.

தேறிவிட்டாள். கெட்டிக்காரி.

போன வாரம் தெருமுனை டாக்டர் கேட்டபோதும் காட்டவில்லை. அந்த ஆள் இன்னொரு தடவை கேட்கவுமில்லை. தொடக்கூட மனமில்லாமல் சிரப் எழுதி அனுப்பிவிட்டான். அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீடு வந்தான் இவன். உள்ளுக்குள் மட்டும் ஒரு நிம்மதி. பிள்ளை மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

மானம்! இப்போது நினைத்தால் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஊர் மேல் அல்ல.

"காட்டும்மா. இனிமே அப்பா கிள்ள மாட்டேன்."

கட்டிலின் மறுபக்கம் நின்ற அவன் மனைவி எஸ்தர் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கிள்ளிய கதை அவளுக்குத் தெரியாது.

ஜெனிட்டா மாட்டேன் என்று தலையாட்டினாள். இந்தக் கொஞ்சலுக்கெல்லாம் ஏமாறுகிற பிள்ளையா அவள்.

அவன் தரையில் மண்டியிட்டான். தன் நாக்கை நீட்டினான்.

வார்டே பார்த்தது. அடுத்த கட்டில்காரி தன் மகனின் கண்ணைப் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும். அடிநாக்கு வலிக்க நீட்டினான். எச்சில் மோவாயில் வழிந்து சட்டையில் விழுந்தது.

ஜெனிட்டா பதறிப்போனாள். சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீங்கிய கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

அவளுக்குத் திருத்தமாக வருகிற சொற்கள் கொஞ்சம்தான். இது திருத்தமாக வந்தது.

"அசிங்கம்ப்பா."

சொன்னபோது வாய் திறந்தது. நாக்கு ரத்தச் சிவப்பாக, புள்ளி புள்ளியாகப் புடைத்திருந்தது. டாக்டரம்மா எழுந்து நர்ஸிடம் மருந்தைக் கொண்டுவரச் சொன்னார்.

ஜெனிட்டா அதைக் கவனிக்கவில்லை. அப்பாவின் தலையை இழுத்துத் தன் நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டாள், யாரும் பார்த்துவிடாதபடி.