எல்லாத்துக்கும் ஆமா

"வேணாம் ஹே-சுக், போனது போகட்டும். வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள் அம்மா, சியோல் நிதிக் கண்காணிப்பு அலுவலகத்தின் வாசலிலேயே.

"ஏமாத்தினவன் அந்த புரோக்கர் பியோ. நீ எதுக்கும்மா வெக்கப்படுறே?" ஹே-சுக் விடவில்லை. அப்பாவின் கடையை விற்ற பணம் முழுக்க பியோ தலையில் கட்டிய திட்டத்தில் கரைந்திருந்தது.

அதிகாரி தக்-சூ பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பணம் போட்டதும் கம்பெனியிலிருந்து போன் பண்ணி, எல்லாம் புரிஞ்சுதான் போட்டீங்களான்னு கேக்கணும். அது சட்டம். புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பாங்கம்மா."

"பியோதான் ஆமான்னு சொல்லச் சொல்லியிருப்பான் சார்!" என்றாள் ஹே-சுக்.

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான். போன நவம்பர்ல வந்த அந்தப் போன்ல, பக்கத்துல யாரோ பேசுறது பதிவாகியிருக்கு. அது கம்பெனி ஆளுன்னா பணத்தை வாங்கிடலாம். கேளுங்க."

பதிவு ஓடியது.

"நஷ்டம் வரலாம்னு விளக்கினாங்களாம்மா?"

"அது வந்து... எனக்குச் சரியா..." பதிவில் அம்மா இழுத்தாள்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சிடுசிடுத்தது. "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிட்டு போனை வை! கிம்ச்சிக்கு உப்புல போட்ட கோஸ் அப்படியே கிடக்கு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

"ஆமாங்க" என்றாள் அம்மா. அதன் பிறகு எல்லாமே ஆமாதான்.

அந்த நவம்பரில் கிம்ச்சி போட அம்மா வீட்டுக்குப் போனவள் ஹே-சுக் ஒருத்திதான்.

"யாரும்மா அது?" என்றார் தக்-சூ.

மேஜைக்கடியில் மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள் அம்மா.

"பக்கத்து வீட்டுக்காரி, தம்பி. பாவம், நல்ல பொண்ணு."