மூட்டத்தில் வந்த தண்ணீர்

“பாவா, நில்லு! என் மோட்டார் கொட்டாயில உனக்கு இன்னா வேலை?”

வரப்பிலிருந்து புஷ்பலதா போட்ட சத்தத்துக்குப் பங்காரு திரும்பவில்லை. ஒரு கையில் திருப்புளி. இன்னொரு கையில், அவளுடைய சோலார் மோட்டாரை ஓட்டும் இரும்புப் பெட்டி. விறுவிறுவென்று தன் நிலத்துக்கு நடந்துவிட்டார்.

பங்காரு அவளுடைய அக்கா புருஷன். அடுத்தடுத்த நிலம். வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அவளுடைய நாற்று காய்கிறதே என்று போன வாரம் அவராகத்தான் வந்தார்.

“என் கிணத்துல இருந்து தண்ணி வுடட்டா?”

“உன் தண்ணி ஒரு சொட்டு என் மண்ணுல படக்கூடாது” என்று விரட்டிவிட்டாள்.

அந்த ஆத்திரத்தை இப்படித் தீர்த்துக்கொள்கிறாரா?

கொட்டகைக்குள் ஓடினாள். பெட்டி இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று தொங்கியது. பழையதில் பாதி அளவுகூட இல்லை.

சோலார் மெக்கானிக் அம்சாவுக்குப் போன் போட்டாள். “என் பெட்டியைக் கழட்டிக்கினு, ஏதோ குப்பையை மாட்டிட்டுப் பூட்டாரும்மா. வந்து பாரு. அப்புறம் நேரா போலீஸ் டேசன்தான்.”

பள்ளிப்பட்டிலிருந்து அம்சா ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் வானம் கறுத்துவிட்டது.

அம்சா சுவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “ஸ்விட்சைப் போடுங்கக்கா.”

“இந்த மூட்டத்துலயா? ஒரு மேகம் வந்தாலே படுத்துடுமே!”

“போடுங்களேன்.”

போட்டாள். மோட்டார் முனகியது. குழாய் இரண்டு தடவை இருமியது. அப்புறம், மணிக்கட்டு கனத்துக்குத் தண்ணீர்!

புஷ்பலதா அண்ணாந்து பார்த்தாள். சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று அடித்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

“முருகா! அதே பேனலு, அதே மோட்டாரு. எப்படிம்மா?”

“உங்க பழைய பெட்டி மோட்டாரை முழு வேகத்துல ஓட்டத்தான் பாக்கும். மேகம் வந்தா பேனலால குடுக்க முடியாது, நின்னுடும். இது அப்படி இல்லக்கா. எந்த வோல்டேஜ்ல வாங்கினா அதிக பவர் தேறும்னு நொடிக்கு நொடி தேடிக்கினே இருக்கும். கிடைச்சதுக்கு ஏத்த வேகத்துல மோட்டாரைச் சுத்தவுடும்.”

தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, நாற்றங்காலின் வெடிப்புகளில் புகுந்து போவதையே புஷ்பலதா பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

“இவ்ளோ நல்ல பெட்டி ஏதும்மா?”

அம்சா கொஞ்சம் தயங்கினாள். “என் கையால மாட்டினதுதான்க்கா. போன மாசம், பங்காரு அண்ணன் கொட்டாயில.”

புஷ்பலதா திரும்பிப் பார்த்தாள்.

வரப்புக்கு அந்தப் பக்கம், ஓடாமல் நின்ற மோட்டாரை விட்டுவிட்டு, பங்காரு கிணற்றில் சேந்திய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து தன் கத்திரிச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.