லேப்டாப்பில் ஒரு தீவு

“சாயங்காலம் விண்டோஸ் போடப் போறேன்.”

திரையில் விழுந்த வரியைத் தாஹிர் மறுபடியும் படித்தான். நகுலின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெயரிலிருந்து இப்படி ஒரு வரி வரும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், தாஹிர் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

மும்பை தாராவியில் வாப்பாவின் பை தைக்கும் பட்டறைக்கு மேலே, ஏணி வைத்து ஏறும் மாடியறைதான் தாஹிரின் இடம். கீழே தையல் மெஷின்கள் கடகடக்கும். மேலே அவனுடைய பழைய லேப்டாப்பின் விசிறி அதற்குச் சளைக்காமல் கடகடக்கும். அதில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றி உயிர் கொடுத்தவன் பக்கத்துப் பேட்டையான மாட்டுங்கா நகுல். கேமில் தாஹிருக்குத் ‘தகரடப்பா’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

நகுலுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் உண்டு. “விண்டோஸ்ல விளையாடறது வாடகை வீட்டுல குடியிருக்கற மாதிரிடா. ஒரு ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேக்கணும்” என்பான். பெரிய கம்பெனி கேம் என்றாலே மூக்கைச் சுளிப்பான். “ஒத்தை ஆளா உக்காந்து பண்ண கேம்ல நூறு ஓட்டை இருக்கும். ஆனா உள்ளே ஒரு மனுஷன் இருப்பான்டா!” என்று சண்டைக்கு வருவான்.

அதற்காக அவன் பெரிய ஞானி என்று நினைத்துவிட வேண்டாம். விண்டோஸுக்கென்று செய்த கேமை லினக்ஸில் ஓடவைக்க நாள் பூராவும் மல்லுக்கட்டுவான். ஓடியதும் கொஞ்ச நேரம் பார்ப்பான், மூடிவிட்டு அடுத்ததைத் தேடிப் போய்விடுவான். விளையாடியதைவிட ஓடவைத்ததுதான் அதிகம்.

அப்படி மூடாத ஒரே கேம் இந்தத் தீவு. யாரோ ஒருவர் தனியாகச் செய்தது. வெறும் தீவில் இரண்டு பேர் சேர்ந்து வீடு கட்டலாம், அவ்வளவுதான். நகுல் அதில் தன் மாட்டுங்கா வீட்டையே கட்டியிருந்தான். பால்கனிக் கொடியில் தன்னுடைய மஞ்சள் சட்டையைக்கூடத் தொங்கவிட்டிருந்தான்.

அந்தத் தீவு முழுக்க நகுலின் லேப்டாப்பில்தான் இருந்தது. வேறெங்கும் நகல் கிடையாது. லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டால் தீவும் சேர்ந்து அழிந்துவிடும்.

“ஏம்ல திடீர்னு?” என்று அடித்தான்.

“அப்பாவுக்கு ஆபீஸ் வேலைக்கு லேப்டாப் வேணுமாம். ஆளை வரச் சொல்லிட்டார்.”

மழை தொடங்கியதிலிருந்தே எதுவும் பழைய மாதிரி இல்லை. மைக் கெட்டுவிட்டது, இனி எழுத்தில்தான் பேச்சு என்று ஒருநாள் வந்தது. லினக்ஸில் மைக் மக்கர் செய்வது புதிதல்ல. ஆனால் கிண்டலும் போய்விட்டது, கேம்களைப் பற்றிய சண்டையும் போய்விட்டது. தினமும் தீவுக்கு வந்து அந்தப் பால்கனியில் கொஞ்ச நேரம் நிற்பதோடு சரி. அதுவும் இன்றோடு போனால் அப்புறம் மிச்சம் ஒன்றுமில்லை.

“அழிக்கதுக்கு முன்னால தீவ காப்பி எடுத்துக்கிடலாம். விண்டோஸ்லயும் அந்தக் கேம் ஓடும்லா. பென் டிரைவ் இருக்கா?”

“இருக்கு. எப்படிப் பண்ணணும்?”

தாஹிருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நகுல்தான். வேறு நாளாக இருந்தால் ஓட்டித் தள்ளியிருக்கலாம். தாஹிர் கேலி செய்யவில்லை. மறைந்திருக்கும் ஃபோல்டரைக் காட்ட எந்த இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும், எதைப் பிடித்து எங்கே போட வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக எழுதினான்.

“அழுத்தினேன். ஒண்ணும் வரலையே.”

“ரெண்டையும் ஒண்ணா அழுத்தணும். மெதுவாப் பண்ணு. அவசரமே இல்ல.”

கீழே ஒரு மெஷின் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. தாஹிர் நகத்தைக் கடித்துக்கொண்டு பச்சைப் புள்ளியையே பார்த்திருந்தான்.

“வந்துடுத்து! பென் டிரைவ்ல தெரியறது.”

தாஹிருக்கு உயிர் வந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

“வீடு அப்படியே இருக்குமா? கொடியில சட்டை?”

‘எல்லாம் இருக்கும். கவலப்படாதீங்க’ என்று அடித்தவன், சட்டென்று கடைசி வார்த்தையை அழித்துவிட்டு ‘கவலப்படாதல’ என்று மாற்றி அனுப்பினான்.

“சரி. சாப்டியா, தகரடப்பா?”

“சாப்ட்டேன்.”

பச்சைப் புள்ளி அணைந்தது. ஏணியில் பாதி ஏறி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் தங்கை சாயிமா. அவள் கையில் இவனுக்கான சோற்றுத் தட்டு ஆறிப்போயிருந்தது.

“இன்னும் எத்தன நாளைக்குண்ணே இப்படி? நகுலண்ணன எரிக்கும்போது சுடுகாட்டுல நீயும்தான நின்னே? பொம்பளைங்க அங்க வரலேல்லா, அதான் நீ நின்னது அவங்கம்மாவுக்குத் தெரியல. எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிர வேண்டியதுதான?”

தாஹிர் லேப்டாப்பை மூடினான்.

“சொல்லிட்டா, அந்தம்மா பொறவு யாருட்ட நகுலா இருப்பாங்க?”